மாமி அடுப்படியில் ரெண்டாயிரம் வீடு

பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக் காலையிலேயே, இப்போது அவள் இருக்கும் கோழிக்கோட்டிலிருந்து போன் வரும். "சேச்சி, இனிஷியல் எனக்குப் பின்னாடியாக்கும் வரணும், நீங்க முன்னாடி போட்டிருக்கேள்" என்பாள். அதோடு விடுவாளா? இதை எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள், எந்த ஜன்னல் பக்கம் என்பது வரைக்கும் விசாரணை நீளும். எனக்கு அதற்குத் தெம்பு இல்லை. மாமி என்றே வைத்துக்கொள்வோம்.

ஆபீஸில் எல்லோருக்கும் அவள் மாமிதான். வயதில் நான் ஒரு வருஷம் மூத்தவள், ஆனாலும் நான் அவளை மாமி என்பேன், அவள் என்னைச் சேச்சி என்பாள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்திலிருந்து காட்டன் புடவையில் ஒருத்தி வேலைக்கு வந்தால் அவள் மாமிதான், வயதை யார் கேட்கிறார்கள்? புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருப்பாள். தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ. இந்தக் கோலத்தில் ஏணி வைத்து ஏறி, கூரைக்குக் கீழே பின்னிக் கிடக்கும் ஒயர்களில் சரியானதை ஒரே பிடியில் பிடித்து இழுப்பாள்.

கரமனையில் ஆற்றுப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. ஒரு காலத்தில் கேபிள் டிவி நடத்திய முதலாளி, காலம் மாறியதும் அதே கம்பங்களில் இன்டர்நெட் ஒயரை இழுத்துவிட்டார். கரமனை, ஸ்ரீவராகம், மணக்காடு என்று ரெண்டாயிரத்துச் சொச்சம் வீடுகள். வேலைக்குப் பதினோரு பேர். நான் நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்தவள், அங்கே போன் எடுக்கிற உத்தியோகம். யார் கூப்பிட்டாலும் "பெட்டியை ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடுங்க" என்று சொல்வேன். அதற்கும் சரியாகாவிட்டால் மாமி. அவள்தான் எங்கள் நெட்வொர்க் எஞ்சினியர்.

மாமிக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. யாரும் இடத்தைத் தப்பாகச் சொல்லக்கூடாது.

எங்கள் ஊரில் இது எவ்வளவு பெரிய கிறுக்கு என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. திருவனந்தபுரத்தில் ஒருவர் "தா, எத்தி", அதாவது இதோ வந்து சேர்ந்துவிட்டேன், என்று போனில் சொன்னால், அவர் வீட்டில் தலை துவட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கேட்கிறவருக்கும் அது தெரியும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. மாமிக்கு மட்டும் உடம்பெல்லாம் எரியும்.

ஒரு சாயங்காலம் ரெண்டு பேரும் பஸ்ஸில் தம்பானூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிள்ளிப்பாலம் சிக்னலில் பஸ் நின்றுவிட்டது. முன் சீட்டுப் பெண் போனில் குழைந்து குழைந்து, "தா, தம்பானூர் எத்திப் போயி" என்றாள். மாமி எட்டிக் குனிந்து, அந்தப் பெண்ணின் காதுக்கும் போனுக்கும் நடுவில் வாயை வைத்து, "கிள்ளிப்பாலம். இனியும் பதினாலு நிமிஷம்" என்றாள். போனுக்கு அந்தப் பக்கம் இருந்தது புருஷன் போலிருக்கிறது. கத்தல் எங்களுக்கே கேட்டது. அந்தப் பெண் தம்பானூர் வரும்வரை திரும்பி உட்கார்ந்து எங்களை வைதாள். நான் மாமியை முன்பின் பார்த்தேயிராதவள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே கடைப் போர்டுகளை வாசித்துக்கொண்டு வந்தேன்.

"இருக்கற எடத்தைச் சொல்றதுக்கு என்ன வெக்கம், சேச்சி?" என்றாள் இறங்கியதும். பதினாலு நிமிஷம் என்றது சரியாக இருந்ததில் அவளுக்கு மகா சந்தோஷம்.

முதலாளியின் தங்கை மகள் கல்யாணப் பத்திரிகையில் மண்டபம் "கிழக்கேகோட்டைக்கு அருகில்" என்று அச்சாகியிருந்தது. மாமி ஸ்கூட்டரில் போய் அளந்துவிட்டு வந்தாள். ரெண்டே கால் கிலோமீட்டர். பத்திரிகையைத் திரும்ப அடிக்கவேண்டும் என்று முதலாளி முன்னால் போய் நின்றாள். முதலாளி மலையாளி. எங்களோடு பேசும்போது ரெண்டு பாஷையையும் ஒன்றாக அரைத்துவிடுவார். "மாமீ, இது கல்யாணமாணு. கேபிள் அல்ல" என்று கும்பிட்டார். மாமி கல்யாணத்துக்கு வந்தாள், சாப்பிட்டாள், வாசலில் நின்று ஒவ்வொரு விருந்தாளியிடமும் தூரத்தையும் சொன்னாள்.

இப்படிப்பட்டவள் தலையில்தான் பின்லாந்து வந்து விழுந்தது.

கொஞ்சம் தொழில் பேசவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட்டுக்குள் போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் வேண்டும். ஐ.பி. அட்ரஸ் என்பார்கள். உலகத்தில் அந்தப் பழைய எண்களெல்லாம் தீர்ந்துபோய்விட்டன. எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு வீடு கூடினால், எங்கேயோ யாரோ உபயோகித்து முடித்த எண்களை செகண்ட் ஹேண்டில் வாங்கவேண்டும், பழைய ஸ்கூட்டர் வாங்குவது மாதிரி. ஓணம் முடிந்ததும் மாமி தேடிப்பிடித்து ஒரு கட்டு வாங்கினாள். அதை முன்னால் பின்லாந்தில் ஒரு கம்பெனி வைத்திருந்தது. பெயர் மாற்றம், ரிஜிஸ்டர், எல்லாம் சுத்தமாக முடித்து, ஒரு திங்கட்கிழமை வீடுகளுக்கு மாற்றிவிட்டாள்.

ஆனால் எந்த எண் எந்த ஊரில் இருக்கிறது என்று பட்டியல் போட்டு விற்கிற கம்பெனிகள் சில இருக்கின்றன. அவர்களை யாரும் நியமிக்கவில்லை. ஆனாலும் உலகத்தில் உள்ள வெப்சைட் எல்லாம் அந்தப் பட்டியல்களில் ஏதாவது ஒன்றைப் பார்த்துத்தான் நாம் எங்கே இருக்கிறோம் என்று முடிவு கட்டும். நம்மை ஒரு வார்த்தை கேட்காது. அந்தப் பட்டியல்களில் எங்கள் எண்கள் இன்னும் பின்லாந்திலேயே இருந்தன, குவோப்பியோ என்கிற ஊரில்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முதல் போன். கரமனை அக்ரஹாரத்து மாமா ஒருவர்.

"ஏம்மா, எங்காத்துக் கம்ப்யூட்டர் என்னமோ பாஷை பேசறது. எழுத்துக்கு மேல எல்லாம் ரெண்டு ரெண்டு புள்ளி வெச்சிருக்கான்."

"பெட்டியை ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போடுங்க, மாமா."

"பண்ணேன். இப்போ இன்னும் ரெண்டு புள்ளி கூடிருக்கு."

அடுத்தது ஒரு அம்மாள். தினம் பார்க்கிற சீரியல் "உங்கள் நாட்டில் கிடையாது" என்று வருகிறதாம். "எந்நாடு எதுன்னு தீர்மானிக்க அவன் யாராக்கும்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கம் குலதெய்வத்துக்கு ஆன்லைனில் அர்ச்சனைக்குக் கொடுக்கப் போயிருக்கிறார். வெளிநாட்டு பக்தர்கள் பாஸ்போர்ட் நம்பர் தரவேண்டும் என்று அது கேட்டிருக்கிறது. "சாமிக்கு என்னைத் தெரியும்மா. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல" என்றார் பாவம். ஊரே வேர்த்துக் கொட்டும் அக்டோபர் மாதத்தில், கரமனையில் யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பனி வாரும் மண்வெட்டி பாதி விலைக்கு வந்துகொண்டிருந்தது. மணக்காட்டில் ஒருவர் ஒன்று வாங்கியே விட்டார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாமிக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டாயிரம் குடும்பத்தை ஒரே நாளில் தப்பான இடத்தில் கொண்டுபோய் வைத்தவள் அவள் அல்லவா? பட்டியல் கம்பெனிகளுக்கு எழுத ஆரம்பித்தாள். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, கரமனை எங்கே இருக்கிறது, கிழக்கே என்ன, மேற்கே என்ன, மழைக்காலத்தில் ஆறு எதுவரை ஏறும் என்று மூன்று பக்கம். கரெண்ட் பில்லை இணைத்தாள். ஆபீஸ் போர்டுக்குக் கீழே எங்கள் பதினோரு பேரையும் நிற்கவைத்து, அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோவும் அனுப்பினாள். யாரோ பிடித்துவைத்திருக்கிற பிணைக்கைதிகள் மாதிரி இருந்தோம்.

ஒரு பட்டியல் கம்பெனி மனமிரங்கி நாட்டை மட்டும் மாற்றியது. இந்தியா. ஊர் தெரியாததால் நாட்டின் நடுவில், நாக்பூருக்குப் பக்கத்தில் ஒரு காட்டில் வைத்தார்கள். "பாதி வழி வந்நல்லோ, மாமீ" என்று முதலாளி தைரியம் சொன்னார். மாமிக்கு அது சிரிப்பாக இல்லை. பின்லாந்திலாவது ஒரு ஊரில் இருந்தோம், இங்கே மரத்தடியில் நிற்கிறோம் என்றாள்.

அந்த வாரம்தான் விஷயம் விளையாட்டில்லை என்று ஆனது. பெரிய கம்பெனி ஒன்றின் ஆள் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்து முதலாளியோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். எங்கள் இணைப்பு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்வார்களாம். ஆட்கள் வேண்டாமாம். அவன் போனபிறகு முதலாளி எங்களைக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

"டிசம்பர் முப்பத்தொண்ணுக்கு அவன் பின்னேயும் வரும். அன்னைக்கு நான் கம்ப்ளைண்ட் புக்கைத் திறந்து பார்க்கும். ஈ இடம் தெற்றின கேஸ் ஒண்ணே ஒண்ணு பாக்கி உண்டெங்கில், ஒப்பிடும். எனிக்கு இனி வய்யா." இடம் தப்பான கேஸ் ஒன்று பாக்கி இருந்தாலும் விற்றுக் கையெழுத்துப் போட்டுவிடுவார், இனி அவரால் முடியாது என்று அர்த்தம்.

கம்ப்ளைண்ட் புக் என் மேஜைமேல் இருந்தது. போன் வந்தால் நான் எழுதவேண்டும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்காரர் தன் வாயால் சொன்னால்தான் கோடு போட்டு அடிக்கலாம். பதினோரு பேர் வேலை அந்தக் கோடுகளில் தொங்கியது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பெட்டியை அணைத்துப் போடச் சொல்வதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மாமி வீட்டுக்குப் போய் மறுநாள் காலையிலேயே ஒரு காரியம் செய்தாள்.

பட்டியல் கம்பெனிகளில் பெரியது ஒன்று, "நீங்கள் சொல்லும் சரியான இடம் எது?" என்று ஒரு படிவம் அனுப்பியிருந்தது. ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மாமி அட்சரேகை தீர்க்கரேகை கேட்கும் கட்டத்தைப் பார்த்துவிட்டாள். போனை எடுத்து, நின்ற இடத்தில் அசையாமல் நின்று, புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் வரைக்கும் பிடித்து எழுதி, "துல்லியமான இடம்" என்பதில் டிக் போட்டு அனுப்பினாள். அப்போது அவள் நின்றது ஸ்ரீவராகத்தில் தன் வீட்டு அடுப்படியில், குக்கருக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில்.

"ஏன் மாமி, ஆபீஸ் இடத்தைப் போட்டிருக்கலாமே?" என்று நான் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டேன்.

"நான் ஆபீஸ்ல இல்லையே, சேச்சி. ஆத்துல நின்னுண்டு ஆபீஸ்ல நிக்கறேன்னு எழுதுவாளோ?"

அந்தக் கம்பெனி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. பத்தே நாளில் எங்கள் ரெண்டாயிரத்துச் சொச்சம் வீடுகளும் குடும்பம் குடும்பமாக மாமியின் அடுப்படிக்குள் குடிவந்தன.

முதலில் வந்தது பிரியாணி. கம்ப்யூட்டரில் சாப்பாடு வரவழைக்கிறவர்கள் இடத்தைச் சரிபார்க்காமல் பட்டனை அமுக்கிவிட, ஒரே மத்தியானத்தில் மூன்று சிக்கன் பிரியாணி அக்ரஹாரத்துக்குள் ஸ்கூட்டரில் வந்து மாமி வீட்டு மணியை அடித்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. மாமியின் வீட்டுக்காரர் பேங்க் ஆபீசர், வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. அன்று லீவில் இருந்தவர் பொட்டலத்தை வாங்கிப் பார்த்து, "வாசனை கொள்ளாம், நன்னாத்தான் இருக்கு" என்றாராம். அவ்வளவுதான், மாமி ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த நாள் நேமத்திலிருந்து ஒருவர் கையில் போனோடு வந்தார். அவருடைய மெயிலை யாரோ திறந்திருக்கிறார்கள், மேப்பில் இந்த வீட்டைக் காட்டுகிறது, திருடனை வெளியே விடு என்று சண்டை. திருடன் யாரென்றால் கரமனையில் தங்கிப் படிக்கிற அவருடைய மகனேதான். மாமி காபி கொடுத்து, வெள்ளைத்தாளில் படம் போட்டு விளக்கி அனுப்பினாள். அக்கம்பக்கத்தில் மாப்பிள்ளை தேடிக் கம்ப்யூட்டரில் பார்த்தவர்களுக்கெல்லாம் "உங்களிடமிருந்து பூஜ்யம் கிலோமீட்டரில்" என்று வரன் வரனாக வந்தது. மேப் மாமி வீட்டைக் காட்டவே, அக்கம்பக்கத்தார் மாமியிடமே ஜாதகம் கேட்டார்கள்.

கடைசியாகப் போலீஸ் ஜீப் வந்தது. நான் அன்று ஏதோ கையெழுத்து வாங்க அங்கே போயிருந்தேன், அதனால் கண்ணாரக் கண்டேன். இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மரியாதையாகத்தான் கேட்டார்: "இவ்விடெ எத்ர பேர் தாமசிக்குந்நு?"

"ரெண்டு பேர்" என்றாள் மாமி.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அடுப்படியை எட்டிப் பார்த்தார். திரும்பத் தாளைப் பார்த்தார். எனக்கு அடக்க முடியவில்லை, கொல்லைப்பக்கம் ஓடிப்போய்க் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் ரெண்டாவது டம்ளர் காபியில் இருந்தார். மாமி அவருடைய போனை வாங்கி, அவர்கள் ஸ்டேஷனைப் பட்டியல் எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். புனேயில் வைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் மிகவும் யோசனையோடு கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகுதான் மாமிக்குச் சரியான வழி கிடைத்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியே தன் எண்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எழுதித் தன் வெப்சைட்டில் வைக்கலாம். எண், நாடு, மாநிலம், ஊர், பின்கோடு, அவ்வளவுதான். மற்ற பட்டியல்காரர்கள் அவ்வப்போது வந்து அதைப் படித்து மாற்றிக்கொள்வார்கள். மாமி ஒவ்வொரு தெருவுக்கும் போய் எண்ணைச் சரிபார்த்து அந்தப் பட்டியலை எழுதினாள். ஒரு வாரம் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. அந்தப் பட்டியலைப் போல உண்மையான எழுத்து இந்த ஊரில் வேறு எங்கும் இல்லை என்று நான் கோவிலில் வைத்துச் சொல்லத் தயார்.

டிசம்பர் நடுவில் ரெண்டு புள்ளி எழுத்துகள் மறைந்தன. சீரியல் வந்தது. குலதெய்வம் பாஸ்போர்ட் கேட்பதை விட்டது. மாமியின் அடுப்படி காலியானது. நான் நாள் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "சரியாச்சா? சரியாச்சா?" என்று கேட்டுக் கோடு போட்டேன். கோடு போட்டுப் போட்டுக் கட்டைவிரல் நீலமாகிவிட்டது. இருபத்தாறாம் தேதி கடைசிக் கோட்டையும் போட்டுவிட்டு, மாமிக்கும் எனக்கும் பழம்பொரி, அதுதான் நேந்திரம்பழ பஜ்ஜி, வரவழைத்தேன்.

பழம்பொரி வருமுன் போன் வந்தது.

"மேடம், என் லேப்டாப்பில ஊரு காணல."

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு அறையில் தையல் மிஷின் போட்டிருக்கிற அம்மாள். தென்காசிப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்த குடும்பம், இருபது வருஷமாக இங்கேதான்.

"எந்த ஊரும்மா காணல?"

"எம் மோளு நர்ஸாட்டு பின்லாந்தில இருக்கா. லேப்டாப்புத் திறந்தா கீழ மூலையில அவ ஊரு, அங்கத்தெ பனி, குளிரு எல்லாம் தானா வரும். நாலு நாளாச்சு, கரமனை முப்பத்திரண்டு டிகிரிங்குது. எனக்கெதுக்கு கரமனை? ஜன்னலத் திறந்தா கரமனைதான். பழையபடி ஆக்கித் தாங்க."

உலகத்தில் எந்த நாட்டு எண்ணை நாங்கள் வாங்கியிருந்தாலும் அந்த நாட்டில் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் இருந்திருப்பார். அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. போனை வைத்துவிட்டு மாமியைப் பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள்.

"எழுதுங்கோ, சேச்சி."

"மாமி, இது கம்ப்ளைண்டே இல்ல. சரியானதைத் தப்பாக்கச் சொல்றாங்க. நான் பேசிச் சமாதானம் பண்ணிடறேன். இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு, விட்டுடுங்க."

"எடம் தப்புன்னு சொல்லிப் போன் வந்தது இல்லையா? எழுதுங்கோ."

அழுகை வருகிற கோபத்தோடு எழுதினேன். பதினோரு பேர் வேலையை ஒரு தையல்காரம்மாவின் மூலையில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாளே என்று இருந்தது. பழம்பொரியை நான் தனியாகவே தின்றேன்.

மறுநாள் மத்தியானம் ரெண்டு பேரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல், அதன்மேல் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப். அதில் வீடியோவில் மகள். அங்கே காலை நேரம், நைட் டூட்டி முடித்து வந்து உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். பேசிக்கொள்ளவே இல்லை. இங்கே அம்மா பிளவுஸுக்குக் கொக்கி வைக்கிறாள், அங்கே மகள் கரண்டியால் கிளறுகிறாள். நாள் முழுக்க அப்படித்தான் ஓடுமாம்.

நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். "வேற ஊரோட குளிரையும் இதுல சேர்த்து வைக்கலாம்மா, ஒரு நிமிஷ வேலை."

"அது மோளு எப்பவோ செஞ்சு தந்தா. அமுக்கிப் போயித் தேடணும். இது தானா வந்துட்டிருந்துச்சு, கேட்டீங்களா. துணி வெட்டுறதுக்கு நடுவில தலையத் தூக்கினா மைனஸ் ஏழுன்னு நிக்கும். ஸ்வெட்டர் போட்டியாடீன்னு கேப்பேன்."

மகள் லேப்டாப்பிலிருந்து சிரித்தாள். "அக்கா, அம்மாகிட்ட எத்தனை தடவ சொல்லியாச்சு. அதுல வந்தது எங்க ஊரே இல்ல. குவோப்பியோ பக்கத்து ஊரு. நான் இருக்கறது யோயென்சூ. ரெண்டு டிகிரி மாறும்."

மாமி விறைத்துப்போனாள்.

"என்னது? இத்தனை நாளும் ரெண்டு டிகிரி தப்பாவா பாத்துண்டிருந்தா அம்மா?"

"ரெண்டுதான அக்கா."

"ரெண்டுதானாவா!" மாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "தெரு என்ன? எழுத்தக்கூட்டிச் சொல்லு. மேல புள்ளி எத்தனை? கதவு நம்பர்? பின்கோடு?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கால் தரையில் நிற்கவில்லை. மாமி, எங்கள் மாமி, ஒரு பொய் சொல்லப்போகிறாள். அதையும் பின்கோடு கேட்டுச் சொல்லப்போகிறாள். மகள் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வரைக்கும் பதில் சொன்னாள். உப்புமா ஆறிப்போனது.

அன்றே அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மாறாத தனி எண் ஒன்றை ஒதுக்கி, பட்டியலில் ஒரு வரி சேர்த்தாள். பிறகு எல்லோரும் காத்திருந்தோம். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. பட்டியல்காரர்கள் எப்போது வந்து படிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? மாமி பூ வைத்துக்கொள்ளக்கூட மறந்துபோனாள்.

முப்பத்தொன்றாம் தேதி பதினொன்றரைக்குப் பெரிய கம்பெனி ஆள் வந்தான். முதலாளி என் மேஜைக்கு வந்து புத்தகத்தைத் திறந்தார். கோடு, கோடு, கோடு. கடைசிப் பக்கத்தில் கோடு இல்லாத ஒன்று. அவர் விரல் அதன்மேல் நின்றது. அப்போது போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், வந்துட்டு! மைனஸ் பதினொண்ணு! ஸ்பெல்லிங்கு வேறயாட்டு இருக்கு, மோளு இதாக்கும் அவ ஊருங்கிறா. நீங்க நல்லா இருப்பீங்க!"

நான் கோடு போட்டேன். தாள் கிழிந்துவிட்டது. முதலாளி புத்தகத்தை மூடிவிட்டு, உள்ளே போய் அந்த ஆளிடம், "ஒரு சாயா குடிச்சிட்டுப் போகலாம். ஒப்பு இல்ல" என்றார்.

எல்லோரும் குதித்துக் கூத்தடித்த சத்தம் அடங்கியபிறகு, மாமி எழுதிய பொய் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. அந்தப் பட்டியல் வெப்சைட்டில் யாரும் பார்க்கும்படி இருப்பதுதானே? திறந்தேன். கரமனை, கரமனை, ஸ்ரீவராகம், மணக்காடு என்று போய்க்கொண்டே இருந்தது. கீழே, கடைசிக்கு முந்திய வரி தமிழில் இருந்தது. வரியின் தலையில் ஒரு குறி போட்டால் மெஷின்கள் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும், மனுஷர்களுக்கு மட்டுமான குறிப்பு அது. மாமி குறியைப் போட்டு எழுதியிருந்தாள்:

"இதற்குக் கீழே உள்ள வரி உண்மையல்ல. வீடு கரமனையில்தான் இருக்கிறது. தெரிந்தே எழுதியிருக்கிறேன். யாராவது கேட்டால் என்னைக் கூப்பிடவும்." அதே வரியில் பெயர், பின்னால் இனிஷியல், அதற்கும் பின்னால் அவளுடைய சொந்த போன் நம்பர்.